கேள்வித்தாளை அச்சடிப்பதற்கு முன்னால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாளையொட்டித் தமிழ் நாளிதழ்கள் மறதிநோய்க்கு (டிமென்ஷியா) ஒரு பக்கம் ஒதுக்குகின்றன. அறிகுறிகள், மருத்துவர் பேட்டி, மூளையின் படம், மூலையில் வல்லாரைக் கீரையைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி, எல்லாம் இருக்கும். நோய் உள்ளவர் சொன்னதாக ஒரு வரி இருக்காது. இதற்கு நாளிதழ்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த நோயைப் பற்றி நடக்கும் ஆய்வுகளிலேயே அவர்களுடைய குரல் விடுபட்டுப்போகிறது. இரத்தம் கொடுக்க, ஸ்கேனுக்குப் படுக்க, கேள்விக்குப் பதில் சொல்ல அவர்கள் வேண்டும். எந்தக் கேள்வியைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று முடிவு செய்யும் மேசையில் மட்டும் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. அந்த நாற்காலியை எப்படிப் போடுவது, போட்டால் எங்கெல்லாம் அது ஆடும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு இந்தத் துறைக்குப் புதிது அல்ல. 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ‘10/66’ என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். பெயரே ஒரு கணக்கு. டிமென்ஷியா உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அங்கே நடப்பதில்லை என்பது அன்றைய நிலை. அந்தக் குழுவின் இந்தியக் களங்களில் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் இருந்தன. நினைவு, சிந்தனை முதலிய அறிதிறனைத் தூண்டும் குழுப் பயிற்சி ஒன்று இங்கிலாந்தில் உருவானது. வாரம் இரண்டு அமர்வு, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வு. அதைச் சென்னையின் மனநல ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப் தமிழ் பேசுவோருக்கு ஏற்றபடி மாற்றியமைத்தது. பிறகு பிரேசில், தான்சானியா நாடுகளோடு சேர்ந்த கூட்டு ஆய்விலும் அது இடம்பெற்றது. ஆக, ஆய்வு செய்யத் தெரிந்த ஊர்தான் இது.

2023இல் வெளியான நாடு தழுவிய மதிப்பீடு ஒன்று, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகச் சொன்னது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். இந்தக் கடைசி வாக்கியத்தை ஆலோசனைக் குழு அமைப்பவர்கள் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். ஏனென்றால், ‘நோய் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம்’ என்று ஓர் ஆய்வு முடிவெடுத்தவுடன் வந்து உட்காருகிறவர் பெரும்பாலும் நகரத்தில் இருக்கும், ஆங்கிலம் தெரிந்த, ஓய்வுபெற்ற ஆண் அதிகாரி. அவர் வேண்டாம் என்பதல்ல. பள்ளிக்கூடம் போகாத, கிராமத்தில் இருக்கிற, தன் நோய்க்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாத பெண்மணிக்கு அவர் பதிலாள் ஆக முடியாது. அந்தப் பெண்மணி நகரத்து மருத்துவமனையின் நினைவாற்றல் பிரிவுக்கு வந்திருக்கவே மாட்டார். கிராம சுகாதார செவிலியருக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலருக்கும் அவர் வீடு தெரியும். அழைப்பு அந்த வழியாகப் போக வேண்டும்.

கேள்வியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் என்ன மாறிவிடும் என்று சிலர் கேட்பார்கள். இங்கிலாந்தில், ஆய்வுக்கு எது முதன்மை என்பதை நோயாளிகளோடு சேர்ந்து வகுக்கும் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணியும், மறதிநோய்க்கான தொண்டு நிறுவனமான அல்சைமர் சொசைட்டியும் சேர்ந்து, எதை ஆராய வேண்டும் என்று நோய் உள்ளவர்கள், குடும்பத்தினர், பணியாளர்கள் எல்லோரிடமும் கேட்டன. 1,500க்கும் மேற்பட்ட படிவங்கள் வந்தன. அவற்றில் 4,000க்கும் மேற்பட்ட கேள்விகள். சலித்துச் சலித்துப் பத்துக் கேள்விகளாக்கினார்கள். சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் எப்படி வைப்பது, மருத்துவமனையில் சேர்த்தால் அங்கே எப்படிக் கவனிப்பது, வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு எந்த உதவி உண்மையில் பயன்படும் என்பவை அந்தப் பத்தில் இருந்தன. ஆய்வகத்திலிருந்து பார்த்தால் இவை முதல் பத்தில் வந்திருக்குமா என்பது சந்தேகமே. இங்கே கேட்டால் என்ன வரும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, கேட்டால் தெரிந்துவிடும்.

ஆய்வில் பங்கேற்பவர் வேறு, ஆய்வுக்கு ஆலோசனை சொல்பவர் வேறு. முன்னவரிடமிருந்து தகவல் எடுக்கிறோம். பின்னவர் படிவத்தைப் படித்து ‘இந்த மூன்றாவது கேள்வி யாருக்கும் புரியாது’ என்கிறார். முன்னவரிடம் முறையான ஒப்புதல் படிவம் வாங்க வேண்டும்; பின்னவர் குழுவின் ஆலோசகர், அவருக்கு வேண்டியது என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று எழுதிய ஒரு பக்கக் கடிதம். இரண்டையும் குழப்பினால் பணத்தில் போய் முட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் பங்கேற்பவரின் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டச் சொல்கின்றன. அவருக்காக ஒப்புதல் தருகிற உறவினருக்குப் பயணம் முதலிய செலவுகளுக்கு மேல் பணம் தருவது தூண்டுதல் ஆகிவிடும் என்றும் எச்சரிக்கின்றன. சரியான விதி. ஆனால் அதே விதியைக் காட்டி, ஆலோசகராக வந்து அரை நாள் உழைத்த மனைவிக்கும் மருமகளுக்கும் ஆட்டோக் காசை மட்டும் கொடுத்து அனுப்புவது தவறான வாசிப்பு. அதே கூட்டத்துக்கு வரும் புள்ளியியல் நிபுணருக்கு ஊதியம் உண்டு அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 6, அவர்களுக்கு எட்டக்கூடிய வடிவில் விளக்கிப் பெற்ற சுதந்திரமான ஒப்புதல் இல்லாமல் மாற்றுத்திறனாளி யாரையும் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. அதற்கு முன் அனுமதி தரும் குழுவில் பாதிக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளோ அவர்களுடைய பதிவுபெற்ற சங்கத்தினரோ இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், எவையெல்லாம் மாற்றுத்திறன் என்று பட்டியலிடும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பார்க்கின்சன் நோய் இருக்கிறது, டிமென்ஷியா பெயர் சொல்லி இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன் 99ஆம் பிரிவின்படி, ஒப்புதல் தர இயலாத, ஆனால் எதிர்ப்புக் காட்டாத ஒருவரிடம் மருந்து, உளவியல் போன்ற சிகிச்சைச் சோதனை நடத்த மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஒப்புதல் தர முடிந்தவர்களை வைத்தே அந்த ஆய்வைச் செய்ய முடியாது என்பதையும் ஆணையத்துக்குக் காட்ட வேண்டும். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். இந்த ‘எதிர்ப்புக் காட்டாத’ என்ற சொல்லில்தான் களத்தில் எல்லாமே அடங்கியிருக்கிறது. எதிர்ப்பு என்றால் ‘மாட்டேன்’ என்ற வார்த்தை மட்டும் அல்ல. முகத்தைத் திருப்பிக்கொள்வது, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருப்பது, ‘வீட்டுக்குப் போகணும்’ என்று மூன்றாவது முறை கேட்பது, வழக்கமாகப் பேசுகிறவர் வாய்மூடிப்போவது எல்லாமே எதிர்ப்புதான். அவரோடு வாழ்பவருக்கு இவை தெரியும். படிவத்தோடு வந்தவருக்குத் தெரியாது. முதல் சந்திப்பிலேயே பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டிய ஒரே ஒரு வரி: ‘இவருக்குப் பிடிக்கவில்லை என்றால் எப்படித் தெரியும்?’

ஒப்புதல் என்பது ஒரு நாள் கையெழுத்து அல்ல. முதல் நாள் படிவம் இல்லாமல் போங்கள். ஆள் எப்படிப் பேசுகிறார், எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறார், காது கேட்கிறதா, கண்ணாடி துடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, ஒரு தாளுக்கு ஒரு செய்தியாக விளக்குங்கள். பிறகு ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்குத் தலையாட்டல்தான் பதில். ‘உங்கள் மகள் கேட்டால், இவங்க எதுக்கு வந்தாங்கன்னு சொல்வீங்க?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: ஏதோ ஆராய்ச்சி, என்னிடம் இது கேட்பார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். நாளைக்கு அவர் இதை மறந்துவிடுவார் என்பதற்காக இன்றைய ஒப்புதல் செல்லாததாகிவிடாது. அதனால்தான் ஒவ்வொரு முறை போகும்போதும், நடுவிலும், மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கைநாட்டும், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியும் வேண்டும். புதிய மருந்து மூலக்கூறுகளின் சோதனையில் எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களின் ஒப்புதலை ஒலி-ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகளுக்கான 2019 விதிகள் சொல்கின்றன. கேமராவைக் கண்டதும் விறைத்துப்போகிறவர்கள் அதிகம். விளக்கத்தை ஒரு நாள் முன்பே ஒருமுறை பேசி முடித்துவிட்டு, பதிவு நாளில் கேமராவைப் பக்கவாட்டில் வைத்து, அதை யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிட்டுத் தொடங்கினால் பாதிச் சிரமம் குறையும்.

இதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. நம் வீடுகளில் பலருக்கும் தங்கள் நோயின் பெயர் சொல்லப்படுவதில்லை. மருத்துவர் மகனிடம் சொல்வார். மகன் ‘அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, ஞாபக மறதிதான்’ என்று முடித்துவிடுவார். அந்த வீட்டுக்கு ‘டிமென்ஷியா ஆய்வு – பங்கேற்க அழைப்பு’ என்று கொட்டை எழுத்தில் உறை போனால், நோயை அறிவிக்கும் வேலையைத் தபால்காரர் செய்துவிடுவார். ஆகவே முதலில் தொலைபேசியில், அந்த வீட்டில் இதற்கு என்ன சொல் புழங்குகிறது என்று கேட்க வேண்டும். மறதி, ஞாபகக் கோளாறு, தடுமாற்றம் என்று எதுவாக இருந்தாலும் அந்தச் சொல்லில் தொடங்கலாம். ஆனால் அவரே நேராக ‘எனக்கு என்ன வியாதி?’ என்று கேட்டால் பொய் சொல்லக் கூடாது. அதற்கு யார், எப்படிப் பதில் சொல்வது என்பதை வீட்டாரோடும் மருத்துவரோடும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் களத்தில் இறங்கும் ஆய்வுகள் முதல் மாதத்திலேயே குடும்பங்களை இழக்கின்றன. ‘முதுமை மறதி’ என்று தலைப்பு வைத்தால் 55 வயதில் நோய் வந்தவர் அந்தத் தாளைத் தொடவே மாட்டார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்து, ஒரே வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதை ஆய்வுத் திட்டங்கள் கவனிப்பதில்லை. நோய் உள்ளவர் ஒருவர். அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, இரவில் கதவைத் தாழிட்டுப் பார்த்துக்கொள்பவர் இன்னொருவர். பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். கையெழுத்துப் போடுகிறவர் மூன்றாமவர். பெரும்பாலும் மூத்த மகன், சில வேளை வெளியூரிலிருந்து வீடியோ அழைப்பில். ‘குடும்பத்தின் கருத்து’ என்று அறிக்கையில் ஏறுவது இந்த மூன்றாமவர் சொன்னது. இரவு இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே மூவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மருமகளிடம் மாமியார் எதிரில் கேட்டால் கிடைப்பது பதில் அல்ல, மரியாதை.

இந்த இடத்தில் கேள்வித்தாள்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பார்த்துக்கொள்பவரின் பாரத்தை அளக்க உலகமெங்கும் பயன்படும் சாரிட் அளவுகோலில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88 மதிப்பெண். முதல் கேள்வியே, உங்கள் உறவினர் தேவைக்கு மேல் உதவி கேட்பதாக நினைக்கிறீர்களா என்பது. இதைக் கூடத்தில், அந்த உறவினர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்க, உரக்கப் படித்துக் கேட்கிறார்கள். ‘சே, அப்படியெல்லாம் இல்ல’ என்று 0 விழுகிறது. அதையும் மீறித் தனியாகக் கேட்டாலும், ‘சுமை’ என்று மொழிபெயர்த்தால் தாய்தந்தையைச் சுமை என்று சொல்ல நம் வாய் கூசும். ‘கடமைதானே’ என்பார்கள். பாரம் இல்லை என்று கணினியில் ஏறும். அந்தத் தாளை அச்சடிப்பதற்கு முன்னால் நாலு மருமகள்களிடம் படித்துக் காட்டியிருந்தால், ‘சுமையா இருக்கான்னு கேக்காதீங்க, ராத்திரி எத்தனை தடவ எழுந்திரிச்சீங்க, கடைசியா எப்ப உங்க அம்மா வீட்டுக்குப் போனீங்கன்னு கேளுங்க’ என்று சொல்லியிருப்பார்கள். அளவுகோலின் வாக்கியங்களை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்பது உண்மைதான். மாற்றினால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. மூலக் கேள்வியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இப்படி நாலு உள்ளூர்க் கேள்வி சேர்க்க யாரும் தடை சொல்லப்போவதில்லை.

நோய் உள்ளவரிடம் கேட்பதும் இதே கதைதான். எங்கும் புழங்கும் 30 மதிப்பெண் நினைவாற்றல் சோதனையில் 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, பின்னிய ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது எல்லாம் உண்டு. பேனாவே பிடிக்காதவருக்கு இது நோயை அளக்காது, பள்ளிக்கூடத்தை அளக்கும். இதை உணர்ந்துதான் அரியானாவின் பல்லப்கரில் எழுத்தறிவில்லாத கிராமத்து முதியோருக்கென இந்தியில் ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். தமிழில் நுட்பமான இடங்கள் இன்னும் உண்டு. ‘இன்று என்ன தேதி?’ என்றால் ‘ஆவணி அஞ்சு’ என்று சரியாகச் சொல்பவருக்கு, கையில் ஆங்கில மாதக் காலண்டரோடு நிற்கும் இளம் பணியாளர் பூஜ்யம் போட்டுவிடக் கூடாது. ‘இப்போது என்ன பருவம்?’ என்று சென்னையில் கேட்பதில் என்ன பொருள் என்பதை நாங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வெயில், அதைவிட வெயில் என்று சொன்னால் மதிப்பெண் உண்டா? இத்தகைய ஓட்டைகள் மொழிபெயர்ப்பாளரின் கண்ணுக்குத் தப்பும். ஐந்தாறு முதியவர்களிடம் ‘இந்தக் கேள்வியைக் கேட்டதும் உங்கள் மனதில் என்ன வந்தது?’ என்று விசாரித்தால் ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

இனி, கூட்டம். ஸ்காட்லாந்தில் டிமென்ஷியா உள்ளவர்களே நடத்தும் குழு ஒன்று 2002இல் தொடங்கியது. அதன் ஆய்வுப் பிரிவினர் 2014இல், தங்களை ஆய்வில் சேர்ப்பதற்கு ஆறு அடிப்படைக் கொள்கைகளை வெளியிட்டார்கள். ஆறில் ஒன்று முழுக்க நேரத்தைப் பற்றியது. எங்கள் நேரம் உங்கள் நேரம்போல் ஓடுவதில்லை, உங்கள் கால அட்டவணைக்கு எங்களை இழுக்காதீர்கள் என்பது அதன் சாரம். இதைக் களத்துக்குப் பெயர்த்தால்: கூட்டம் காலை பத்தரைக்கு. மதியத்துக்குப் பிறகு கூடாது. பொழுது சாயச் சாயப் பலருக்குப் பதற்றம் கூடும். மொத்தம் ஒன்றரை மணி நேரம், அதில் இருபது நிமிடம் காபி இடைவேளை. ஒரு கூட்டத்துக்கு இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். தாள்கள் ஒரு வாரம் முன்பே போய்ச்சேர வேண்டும். முதல் நாள் மாலை ஒரு தொலைபேசி, அன்று காலை ஒன்று. வாட்ஸ்அப் என்றால் எழுத்தாக அல்ல, குரலாக. எழுத்தளவு 16 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையாமல், பளபளக்காத தாளில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, பக்க எண்ணைப் பெரிதாகப் போட வேண்டும். ‘மூன்றாம் பக்கம் பாருங்கள்’ என்றதும் எல்லோரும் அதே பக்கத்துக்கு வந்து சேர்வதே ஒரு சாதனை.

அறையைப் பொறுத்தவரை மூன்று விஷயம் போதும். எதிரொலியும் மின்விசிறி இரைச்சலும் இல்லாத இடம். கறுப்பு மிதியடி கூடாது. கண்ணால் பார்ப்பதைப் புரிந்துகொள்வதில் தடுமாற்றம் உள்ளவருக்கு அது பள்ளமாகத் தெரியும், தாண்டப்போய் விழுவார். பளபளக்கும் தரையும் ஈரமாகத் தெரியும். கழிப்பறைக் கதவில் படத்தோடு பலகை, உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

கூட்டத்தில் ‘நான் பேசணும்’ என்பதற்கு ஓர் அட்டை, ‘புரியல, நிறுத்துங்க’ என்பதற்கு வேறு நிறத்தில் ஓர் அட்டை, ஒவ்வொருவர் முன்னாலும் இருக்கட்டும். வாயில் வந்த சொல் நழுவுவதற்குள் கையைத் தூக்க இது உதவும். நடத்துகிறவர் ‘தாத்தா, பாட்டி’ என்று அழைக்கக் கூடாது. ஐயா, அம்மா, அல்லது அவர் விரும்பும் பெயர். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நம்மால் அந்த மௌனத்தைத் தாங்க முடியாது. நடுவில் புகுந்து கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்போம், அவருக்கு அது இரண்டாவது கேள்வியாகப் போய்ச்சேரும், முதலில் தேடிக்கொண்டிருந்த பதிலும் தொலையும். ‘போன வாரம் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?’ என்ற வாக்கியத்தைத் தடை செய்துவிடலாம். பழைய முடிவுகளை நடத்துகிறவரே இரண்டு வரியில் சொல்லித் தொடங்க வேண்டும்.

பார்த்துக்கொள்பவர் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பது இத்துறையினர் எல்லோருக்கும் தெரியும். ‘அப்பா, அது செவ்வாய்க்கிழமை இல்ல, வியாழக்கிழமை’ என்று திருத்துவார். அன்பால்தான். இரண்டு திருத்தலுக்குப் பிறகு அப்பா பேச மாட்டார். எந்தக் கிழமை என்பது ஆய்வுக்கு வேண்டியதே இல்லை. ஆகவே முதல் அரைமணி நேரம் இரு தரப்பையும் இரண்டு அறையில் பேசவைத்துவிட்டு, பிறகு சேர்க்கலாம். தனியாக இருக்கப் பயப்படுபவரைப் பிரிக்க வேண்டாம். அவர் துணையை அவருக்குப் பின்னால் அல்ல, எதிரே உட்காரவைத்தால் திருத்தல் குறையும். இரு தரப்பும் சொல்வது முரண்படும். வெளியே போக விடமாட்டேன் என்கிறார்கள் என்பார் ஒருவர்; போனால் வழி தவறுகிறார் என்பார் மற்றவர். எது உண்மை என்று தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டையும் அவரவர் பெயரில் பதிவு செய்ய வேண்டும். முரண்தான் அந்த ஆய்வுக்குக் கிடைத்த தகவல்.

வெளியே வர முடியாத அளவுக்கு நோய் முற்றியவர்களை விட்டுவிடுவது எளிது, விடக் கூடாது. அவர்களை வீட்டில், சாப்பாட்டு நேரத்தில், கைவேலை செய்யும்போது உடனிருந்து கவனிக்கலாம். அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் குழுவில் இருக்க வேண்டும். அதற்கு, அவர்கள் கூட்டத்துக்கு வரும் அரை நாளில் வீட்டில் மாற்று ஆள் வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் சரிவது இந்த இடத்தில்தான்.

பணக் கணக்கைப் போட்டே காட்டுகிறோம். குழுவில் நோய் உள்ளவர் நால்வர், அவர்களோடு வருபவர் நால்வர், வீட்டில் ஆளை விட்டுவிட்டு வருபவர் மூவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு பேர், ஆண்டுக்கு ஆறு கூட்டம். மதிப்பூதியம் 66 தடவை. சேர்ந்து வருபவர்களுக்கு ஒரே வண்டி என்பதால் வண்டி ஏழு; ஆறு கூட்டத்துக்கும் போக வர என்றால் 84 பயணம். பேருந்துக் கட்டணம் அல்ல, வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும் வண்டி. மூன்று வீட்டுக்கு மாற்று ஆள், 18 அரை நாள். புது ஆளை அன்றே அனுப்பினால் நோயாளி மிரள்வார் என்பதால் பழகுவதற்கு முன்கூட்டி மூன்று அரை நாள் சேர்த்தால் 21. தாள், அஞ்சல், தொலைபேசி, காபி, இட்லி. ஒருங்கிணைப்பவருக்குக் கூட்டம் ஒன்றுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள்: அழைக்க ஒன்று, நடத்த ஒன்று, எழுதித் திருப்பி அனுப்ப ஒன்று. தொகையை அந்தந்த ஊர் நிலவரப்படி போட்டுக்கொள்ளலாம். இரத்த மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைத்து அனுப்பும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மலைப்பு நீங்கும். இதைத் திட்டம் எழுதும்போதே சேர்க்க வேண்டும். நிதி வந்தபின் ‘சில்லறைச் செலவு’ தலைப்பில் தேடினால் கிடைக்காது. மதிப்பூதியத்தைக் கையில், அன்றே கொடுங்கள். வங்கிக் கணக்கில் போட்டால் அது பெரும்பாலும் மகன் கையிலிருக்கும் கணக்கு.

பொன்னாடை போர்த்திக் குத்துவிளக்கேற்ற அழைப்பது இதில் சேராது. ஒரே ஒருவரை மட்டும், அவர் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக, எல்லா மேடைக்கும் அழைத்துப்போவதும் சேராது. அவர் களைத்துப்போவார், நோய் கூடும்போது மேடையிலேயே தடுமாறுவார். படம் எடுத்து அறிக்கையில் போட ஒப்புதலைத் தனியாக வாங்க வேண்டும். ஆலோசனைக்கு வந்ததே அதற்கும் சம்மதம் ஆகாது.

நோய் நிற்காது. மூன்றாண்டுத் திட்டத்தின் முதலாண்டில் குழுவில் இருப்பவர் மூன்றாம் ஆண்டில் இருக்க முடியாமல் போகலாம், இறந்தும் போகலாம். முதல் கூட்டத்திலேயே இதைப் பேசிவிட வேண்டும்: முடியாமல் போனால் யார் சொல்வது, அவர் துணை மட்டும் தொடரலாமா, அவர் சொன்னதை அவர் பெயரில் தொடர்ந்து பயன்படுத்தலாமா. புதியவர்களை ஆண்டுக்கு இருவர் வீதம் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ஒருவர் விலகும்போது, அவர் சொன்னதால் மாறியது என்ன என்று ஒரு பக்கக் கடிதம் வீட்டுக்குப் போக வேண்டும். ‘உங்கள் பங்களிப்புக்கு நன்றி’ என்பது கடிதம் அல்ல. ‘மூன்றாவது கேள்வியை நீங்கள் சொன்னபடி மாற்றினோம், ஏழாவதை மாற்ற முடியவில்லை, காரணம் இது’ என்பது கடிதம்.

இதை யார் கேட்டு வாங்குவது? ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள்தான். 2019 விதிகளின்படி மருந்துச் சோதனைகளைப் பரிசீலிக்கும் குழுவில் குறைந்தது ஏழு பேர். அவர்களில் சாதாரணக் குடிமகன் ஒருவர் கட்டாயம். மறதிநோய் ஆய்வுகள் அடிக்கடி வரும் குழுக்கள் அந்த இடத்தில், மறதிநோய் உள்ள ஒருவரை வீட்டில் பார்த்துக்கொண்ட அனுபவமுள்ளவரை அமர்த்தத் தடை ஏதும் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் மூன்று வரி சேர்த்தால் போதும்: இந்தத் திட்டத்தையும் தமிழ்ப் படிவங்களையும் நோய் உள்ளவர் யாரேனும், பார்த்துக்கொள்பவர் யாரேனும் படித்தார்களா, அவர்கள் சொல்லி எது மாறியது, அவர்களுக்கான தொகை வரவுசெலவில் எந்த வரியில் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் முதல் இரண்டுக்கு எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

இடம் கருதி இந்தக் கடிதத்தை நீங்கள் சுருக்க நேரலாம். எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். 84 பயணம், 21 அரை நாள் என்று வரும் பத்தியை மட்டும் அப்படியே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மறதிநோய் ஆய்வுகளில் களப்பணி செய்வோர் சிலர்,
சென்னை, வேலூர்.